ஸ்டியரிங் இல்லாத வண்டி

இந்த வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. ரிமோட்டும் கிடையாது. நிஜக் காரை முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் கார். வயிற்றில் இரண்டு பென்டார்ச் செல், ஒரு குட்டி மோட்டார், முன்னுக்கும் பின்னுக்கும் பல்சக்கரம், இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு மெல்லிய ஷாஃப்ட். நாலு சக்கரமும் இழுக்கும். சுவிட்சைப் போட்டு, சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பாதையில் விடவேண்டும். விட்டபிறகு விட்டவனுக்கு வேலை இல்லை. சுற்று முடிந்து வந்தால் கையில் பிடித்துக்கொள்ளலாம். வளைவில் பறந்துவிட்டால் தரையில் கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ளலாம். நடுவில் செய்ய எதுவும் இல்லை.

மினி ஃபோர் டபிள்யூடி என்று இதற்குப் பெயர். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து தாமியா கம்பெனி 1982இல் கொண்டுவந்தது. 1988இல் ஜப்பான் கப் என்று போட்டி தொடங்கி, பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1999க்குப் பிறகு அது நின்றுபோனது. 2012இல் மறுபடி தொடங்கியபோது வந்தவர்களில் பலர் அந்தப் பழைய பையன்கள், இப்போது தகப்பன்மார்கள். ஜப்பானுக்கு வெளியே இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, சிங்கப்பூர் எல்லாவற்றிலும் இந்தப் பித்து உண்டு. என் பேரனுக்கு அது சிங்கப்பூரில் பிடித்தது. பள்ளி விடுமுறைக்குக் காட்டுப்பாக்கம் வரும்போது துணிமணியை விட உதிரிபாக டப்பாக்கள்தான் பெட்டியில் அதிகம் இருக்கும்.

இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் இருங்காட்டுக்கோட்டையில் நிஜமான பந்தயப் பாதையே இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்தது. அதற்கு முன்னால் சோழவரத்தில், யுத்தகாலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. அங்கே போய் வெயிலில் நின்று பார்த்தவன் நான். அந்தப் பந்தயங்களில் ஓட்டுநர் கடைசி நொடிவரை ஏதாவது செய்துகொண்டே இருப்பார். திருப்புவார், மிதிப்பார், விடுவார். பார்க்கிற நமக்கும் வீரம், பயம், சாமர்த்தியம் என்று பேச நிறைய இருக்கும். பேரனுடைய விளையாட்டில் அதெல்லாம் கிடையாது. முதலில் எனக்கு இது ஒரு விளையாட்டாகவே படவில்லை. சாவி கொடுத்த பொம்மையை விட்டுவிட்டுக் கைதட்டுவதில் என்ன போட்டி இருக்கிறது?

அவன் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்தபிறகுதான் எனக்கு அது பிடிபட்டது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூமில் இருந்தவன். டை செய்கிறவனுடைய பிழைப்பும் இப்படித்தான். பஞ்ச்சுக்கும் டைக்கும் நடுவே இத்தனை மைக்ரான் கிளியரன்ஸ் என்று வைத்து, கடினப்படுத்தி, தேய்த்து, பூட்டி பிரஸ்ஸில் ஏற்றிக் கொடுத்துவிட்டால் நம் கதை முடிந்தது. அதற்கப்புறம் அது லட்சம் அடி அடிக்கும்போது நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். பிசிறு இல்லாமல் துண்டு விழுந்தால் நாம் நல்லவர்கள்.

பேரனுடைய கணக்கு அதைவிட நுணுக்கமானது. விதிப்படி வண்டியின் அகலம் 105 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நீளம் 165ஐயும் உயரம் 70ஐயும் தாண்டக்கூடாது, எடை 90 கிராமுக்குக் குறையக்கூடாது. பாதையில் ஒவ்வொரு தடமும் 115 மில்லிமீட்டர் அகலம், இரண்டு பக்கமும் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுவர். ஆக, வண்டிக்கும் சுவருக்கும் இடையே மொத்தச் சுதந்திரம் பத்து மில்லிமீட்டர். இந்தப் பத்துக்குள்தான் எல்லாம் நடக்கவேண்டும்.

வண்டி எப்படித் திரும்புகிறது? அது திரும்புவதே இல்லை. அதற்கு நேராகப் போக மட்டுமே தெரியும். வளைவு வந்ததும் நேராகப் போய்ச் சுவரில் முட்டும். முன் பம்பரின் இரண்டு முனையிலும் ரோலர் இருக்கிறது, படுக்கை வாக்கில் சுற்றும் சின்னச் சக்கரம், உள்ளே பால் பேரிங். சுவரில் பட்டதும் ரோலர் சுழல்கிறது. சுவர் வண்டியைத் தள்ளித் திருப்பிவிடுகிறது. ரோலரைக் கழற்றிவிட்டு விட்டால் பம்பர் சுவரில் உரசிச் சிக்கி அங்கேயே நின்று முனகும். செல் தீரும்வரை முனகும். நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

ரோலரைப் பூட்டுவதிலும் ஒரு சூட்சுமம். முன் ரோலர்களைக் கொஞ்சம் தலை குனிந்தாற்போல் சாய்த்துப் பூட்ட வேண்டும். அப்போது சுவரில் அழுந்தும் விசை வண்டியின் மூக்கைக் கீழே அமுக்கும், வண்டி எழும்பாது. சாய்வு போதவில்லையென்றால் வளைவில் சுவரேறிப் பறக்கும். அதிகமானால் உராய்ந்து வேகம் குறையும். பிரேக் என்பது வண்டிக்கு அடியில் ஒட்டிய ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. சமதளத்தில் அது எதையும் தொடாது. ஏற்றத்தில் பாதை நிமிரும்போது மட்டும் தரையில் தேய்ந்து வேகத்தைத் தின்னும். அந்த ஸ்பாஞ்சு எவ்வளவு தடிமன், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்கிறான். பிரேக் பிடிப்பதோ ஏற்றத்தில். இரண்டு பக்கமும் கம்பியில் தொங்கும் எடைக்கட்டிகள் உண்டு. குதித்து விழும்போது வண்டி முதலில் தரையைத் தொடும், கட்டி ஒரு கணம் கழித்து அதன்மேல் விழுந்து துள்ளலை அடக்கும். புது மோட்டாரைக் குறைந்த வோல்ட்டேஜில் பொறுமையாக ஓடவிட்டுப் பழக்குகிறான். பல்சக்கரத்துக்குக் கிரீஸ் எவ்வளவு என்பதற்குக் குச்சி நுனி கணக்கு.

இவ்வளவும் செய்து விட்டபிறகு, மூன்று தடமும் தடம் மாறுகிற மேட்டுப் பாலத்தில் வண்டி பறந்துபோகிறது. அங்கேதான் பெரும்பாலும் பறக்கும். பேரன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஸ்பீடுக்கு இந்த பிரேக் பத்தல தாத்தா" என்பான். ஒரு தடவைகூட அவன் விதி என்று சொல்லிக் கேட்டதில்லை.

நாம் சொல்வோம். பைபாஸில் லாரி மோதினால் சொல்வோம், பெண்ணுக்கு வரன் தட்டிப்போனால் சொல்வோம். எல்லாம் முடிந்த பிற்பாடு சொல்வோம், அதற்கு முன்னால் சொல்ல மாட்டோம். வேதாந்திகள் பிராரப்தத்துக்கு, அதாவது பலன் தரத் தொடங்கிவிட்ட பழைய வினைக்கு, ஒரு உதாரணம் வைத்திருக்கிறார்கள். புலி என்று நினைத்து வேடன் அம்பை விட்டான். விட்டபிறகு அது பசு என்று தெரிந்தது. தெரிந்ததால் அம்பு நிற்காது. அழகான உதாரணம்தான். ஆனால் அதில் எல்லாருடைய கண்ணும் பறக்கிற அம்பின் மேலேயே இருக்கிறது. நாண் இழுப்பதற்கு முன்னால் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. என் தொழில்காரனுக்கு அது உறுத்தும்.

இந்த யோசனை என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் பக்கத்து ஊர். காட்டுப்பாக்கத்தில் பஸ் ஏறினால் குமணன்சாவடி, கரையான்சாவடி தாண்டிப் பூந்தமல்லி. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதர், வைசியர். இங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்துக் காஞ்சிபுரத்துக்கு எடுத்துப்போய் வரதராஜருக்குச் சாற்றி, ஆலவட்டம் வீசி நின்றவர். விசிறும்போது வரதர் இவரோடு பேசுவார் என்பது சம்பிரதாயத்தின் நம்பிக்கை. எங்கள் வீட்டிலும் நாமம் போடுகிற வழக்கம் உண்டு, ஆனால் நாங்கள் ஐயங்கார்கள் இல்லை. அதனால் நம்பி எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொந்தம். ராமானுஜருக்கு மனசில் சில சந்தேகங்கள் இருந்தன. வரதரிடம் கேட்டுச் சொல்லும்படி நம்பியிடம்தான் வேண்டினார். கேள்வி என்னவென்றுகூடச் சொல்லாமல் வேண்டினார் என்பார்கள். நம்பி கேட்டுவந்து சொன்னது ஆறு வார்த்தை. நானே பரம்பொருள் என்பது முதல் வார்த்தை. ஜீவனும் ஈசுவரனும் வேறு வேறு என்பது இரண்டாவது. சரணாகதியே வழி. அப்படிச் சரணடைந்தவனுக்குக் கடைசி நேர நினைவு தேவையில்லை. இந்த உடம்பு முடியும்போதே மோட்சம். கடைசி வார்த்தை, பெரிய நம்பியை ஆசார்யராகக் கொள்.

நாலாவது வார்த்தையின் கனம் எனக்குத் தெரியவந்தது ஒரு ஆஸ்பத்திரியில். என் அண்ணன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். தொண்டையில் குழாய். மயக்கத்துக்கு மருந்து போயிருந்தது, கண் திறக்கவில்லை. அண்ணி உள்ளே விடுகிற நேரமெல்லாம் போய் அவர் காதில் பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்து என்னிடம், "தம்பி, அவர் வாயால ஒரு தடவை சொல்லாமப் போயிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். அழுகையைவிட அந்தக் கேள்விதான் அவரை அரித்தது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடைசியில் எதை நினைத்து உடலை விடுகிறானோ அதையே அடைகிறான் என்று கீதை எட்டாம் அத்தியாயம் சொல்கிறது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வென்டிலேட்டர் என்பது ஒரு இறையியல் பிரச்சினை. பேசவிடாமல், நினைக்கவிடாமல் ஒரு குழாய் மோட்சத்தை மறித்து நிற்கிறது.

நான் அவரிடம் பூந்தமல்லி நம்பி கொண்டுவந்த வார்த்தையைச் சொன்னேன். வராக அவதாரத்தில் பெருமாள் பூமிப்பிராட்டிக்குச் சொன்ன வாக்கையும் சொன்னேன். நல்ல நிலையில் இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தால் போதும், அவன் கட்டையாகக் கல்லாகக் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன் என்பது அதன் சாரம். பெரியாழ்வாரும் கடைசி நேரத்தை நம்பவில்லை. அன்றைக்கு நினைக்க வலு இருக்காது என்று தெரிந்து, சொல்லவேண்டியதை முன்கூட்டியே அரங்கனிடம் சொல்லி வைத்துவிட்டார். அண்ணி கேட்டுக்கொண்டார். சமாதானம் ஆனாரா என்று என்னால் சொல்ல முடியாது. மறுநாளும் காதில் பேர் சொன்னார். சொல்வதில் தப்பில்லையே.

நாலாவது வார்த்தையை எல்லாரும் ஆறுதலாக எடுத்துக்கொள்கிறோம். பேரனுடைய மேஜையைப் பார்த்தபிறகு அது எனக்கு வேறு மாதிரியும் கேட்கிறது. கடைசி நேரத்தில் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டேன் என்றால், அந்த நேரத்தில் ஒன்றைச் செய்து காட்டித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது என்று அர்த்தம். சோழவரத்து ஓட்டுநரைப் போல கடைசி வளைவில் சாகசம் காட்டிச் சரிக்கட்ட வழியில்லை. வண்டி கையை விட்டு எப்போதோ போய்விட்டது. ஐந்தாவது வார்த்தை இன்னும் கறார்: இந்த உடம்போடு சரி, அடுத்த ரவுண்டு என்று ஒன்று கிடையாது. பேரனுக்காவது அடுத்த ஹீட் உண்டு, ஸ்பாஞ்சை மாற்றி ஒட்டலாம்.

போட்டியில் வண்டியை விட்டபிறகு பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும். மகள் எடுத்தனுப்பும் வீடியோவில் பார்த்திருக்கிறேன். சிலர் வண்டியோடு கூடவே ஓடுவார்கள், சிலர் உடம்பை வளைத்து வளைத்து வண்டியைத் திருப்பப் பார்ப்பார்கள். மணிக்கு இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற துரும்புக்கு இவன் இடுப்பை வளைத்தால் என்ன தெரியும்? என் பேரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். சரணாகதி செய்தவனுக்கு அப்புறம் பாரம் இல்லை என்று வேதாந்த தேசிகர் சொல்வது இந்த நிலையைத்தானோ என்று தோன்றும். ஆனால் அவனைக் கேட்டபோது, "பயமா இருக்கும் தாத்தா, ஆனா கை எதுக்கு?" என்றான். பாரம் இல்லை, பயம் உண்டு. தேசிகர் இதற்கு என்ன சொல்வார் என்று தெரிந்தவர்களைக் கேட்கவேண்டும்.

பூந்தமல்லிக் கோயிலில் எனக்கு ஒரு சிநேகிதர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அழுத்தமான தென்கலை. அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு என் உதாரணம் பிடிக்கவில்லை.

"நீர் சொல்றது கர்ம யோகம் ஸ்வாமி. முன்னாடியே நன்னா தயார் பண்ணிட்டா ஜெயிச்சுடலாம்ங்கறீர். சரணாகதி அதில்லே. தயார் பண்றவனே நீர் இல்லைன்னு ஒத்துக்கறதுதான் சரணாகதி."

தென்கலைக்கும் வடகலைக்கும் நடுவே நிற்கிற பழைய சண்டை இது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாய் தானே கவ்விக்கொண்டு போகிறது. வடகலை குரங்கின் பக்கம், தென்கலை பூனையின் பக்கம். நான் அவரிடம் ரோலரைக் காட்டினேன். சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன்.

வண்டியைத் திருப்புவது யார் என்று கேட்டேன். சுவர் என்றார். ரோலர் திருப்பவில்லையா? இல்லை, அது சும்மா சுற்றுகிறது. சரி, ரோலரைக் கழற்றிவிட்டால் சுவர் திருப்புமா? அவர் கொஞ்ச நேரம் பேரிங்கை விரலால் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இது விலக்காமை ஓய்! பிள்ளை லோகாசாரியர் சொல்றது இதான்."

பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணம் எழுதியவர், தென்கலைக்கு அடிப்படை இட்டவர். ஜீவன் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை, பெருமாள் ரட்சிக்க வரும்போது தடுக்காமல் இருந்தால் போதும் என்பது அந்தப் பக்கத்துக் கொள்கை. ரோலர் வண்டியை எங்கும் கொண்டுபோவதில்லை. சுவரோடு மல்லுக்கட்டாமல் இருக்கிறது, அவ்வளவுதான். மோட்டார் இருக்கிறதே, நேராகவே போவேன் என்று முட்டுகிறதே, அது நம் அகங்காரம் என்று அவரே மேற்கொண்டு விரித்தார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. மோட்டார் இல்லாத வண்டியைச் சுவர் என்ன செய்யும்? முட்டுகிறவனைத்தான் திருப்ப முடியும். சுந்தரரும் திருமங்கை மன்னனும் இறைவனோடு முட்டினவர்கள்தான்.

உதாரணம் ஓரிடத்தில் நொண்டுகிறது என்பதும் எனக்குத் தெரியும். சுவருக்கு வண்டி மேல் அக்கறை இல்லை. எந்த வண்டி வந்தாலும் ஒரே மாதிரி திருப்பும், பறந்துபோனால் எட்டிப் பார்க்காது. பந்தயத்தில் பாதையை விட்டுப் போன வண்டிக்கு அத்தோடு ஆட்டம் முடிந்தது, திரும்ப எடுத்து வைக்க விதி இல்லை. வரதர் அப்படியா? தேடி வருகிறவர் என்றுதானே ஆழ்வார்கள் அழுதார்கள். இப்போது காட்டுப்பாக்கத்தில் என் தலைக்கு மேல் தூண் நட்டு மெட்ரோ பாதை போட்டிருக்கிறார்கள், ஓட்டுநர் இல்லாத ரயில். அங்கேயாவது எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேரனுடைய பாதையில் அதுவும் இல்லை. பார்க்கிற ஒருவன் இருக்கிறானா, இல்லையா என்பதற்கு இந்தப் பிளாஸ்டிக்கிடம் பதில் கிடைக்காது. அதற்கு நம்பியைத்தான் கேட்கவேண்டும். அவர் விசிறிக்கொண்டே பேசிப் பார்த்தவர்.

ஆனால் ரோலர் விஷயத்தில் நானும் வாத்தியாரும் இன்னும் தீரவில்லை. ரட்சிப்பதற்கு ஒரு சின்னச் சாக்கு வேண்டும், வியாஜம் வேண்டும், இல்லாவிட்டால் இவனைத் தூக்கினாய் அவனை ஏன் விட்டாய் என்று பெருமாள் மேல் பட்சபாதப் பழி வரும் என்பது வடகலைத் தேசிகரின் வாதம். காஞ்சிபுரம் தூப்புலில் பிறந்தவர், நியாயம் பேசுவதில் கெட்டிக்காரர். விலக்காமல் இருப்பது சரி, அந்த விலக்காமையை வண்டியில் கொண்டுவந்து பூட்டியது யார் என்பது என் கேள்வி. ரோலர் தானாக முளைக்காது. இத்தனை டிகிரி சாய்வில் இந்தத் துளையில் என்று ஒருவன் பூட்டியாகவேண்டும். வாத்தியார் விடவில்லை.

"அந்த போல்ட்டைப் பூட்டற புத்தியையும் அவன்தானே குடுத்தான்?"

"புத்தி அவர் குடுத்திருக்கலாம் ஸ்வாமி. முடுக்கினது என் பேரன். ஸ்க்ரூ டிரைவர் என்னோடது."